மலையில் விளையாத மணி

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு போகும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் போடிமெட்டு வந்துவிடும். தேநீர்க் கடைகளும் ஏலத் தோட்டத்து ஜீப்புகளும் இரு மாநிலச் சோதனைச் சாவடிகளும் உள்ள சிறிய ஊர். மழைக்கு மட்டும் இது பெரிய இடம். இந்த முகட்டின் கிழக்கே விழும் மழைத்துளி கொட்டக்குடி ஆற்றில் இறங்கி, வைகையில் கலந்து, மதுரையைத் தாண்டிக் கீழடிப் பக்கமாக ஓடுகிறது. மேற்கே விழும் துளி பன்னியாறு, முதிரப்புழை வழியே பெரியாற்றில் சேர்ந்து, கொடுங்கல்லூருக்கும் வடக்குப் பரவூருக்கும் நடுவிலுள்ள கழிமுகத்துக்குப் போகிறது. பண்டைய முசிறித் துறைமுகத்தோடு சேர்த்துப் பேசப்படும் பட்டணம் கிராமம் அங்கேதான் இருக்கிறது.

கீழடி, பட்டணம் இரண்டு ஊர்களின் மண்ணிலும் அகேட் மணிகளும் அதே குடும்பத்துச் சிவப்புக் கல்லான சூதுபவளத்தின் மணிகளும் அகப்பட்டிருக்கின்றன. இரு ஆறுகளுக்கும் நீர் தரும் இந்த மலையோ அகேட் விளையும் மலை அல்ல. ஏன் அல்ல என்று கேட்கத் தொடங்கினால், வரி ஓடும் அந்தக் கல்லைப் பற்றிய முக்கியமான செய்திகள் எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

போடிமெட்டுச் சாலைக்காக வெட்டிய பாறைகளிலும் வரிகள் உண்டு. கறுப்பும் வெளுப்பும் மாறிமாறி வளைந்து நெளிந்து போகும். ஆனால் அவை வேறு வகை வரிகள். இந்த மலைத்தொடர் பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் என்னும் உருமாறிய பாறைகளால் ஆனது. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நடந்த கண்ட மோதலின் வெப்பத்திலும் அழுத்தத்திலும் பழைய பாறைகள் உருகாமலேயே இளகின. கருநிறக் கனிமங்கள் ஒரு பக்கமும் வெளிர்நிறக் கனிமங்கள் மறுபக்கமுமாக ஒதுங்கிப் பட்டைகளாயின. சார்னோகைட் என்ற பெயரே சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்துப் பாறையோடு தொடர்புடையது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி முகவர் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு வைத்த கல் அந்த வகைதான் என்பதால், நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து 1893-இல் அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். போடி மேற்கு மலையில், பொட்டிப்புரத்துக்கு அருகே, நியூட்ரினோ ஆய்வகத்துக்காகச் சுரங்கம் குடையத் திட்டமிட்டதற்கும் இதே பாறையின் உறுதிதான் காரணம். ஒரே கட்டியாக, வெற்றிடமில்லாமல் இறுகிக் கிடக்கும் பாறை இது.

அகேட்டுக்கு வேண்டியதோ வெற்றிடம். நைஸின் வரி அழுத்தத்தால் பிரிந்தது. அகேட்டின் வரி காலியான ஒரு குழிக்குள் தண்ணீர் கொண்டுவந்து சேர்த்தது. பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் இரண்டின் பிறப்பும் நேர் எதிர்.

குழிகள் எரிமலைக் குழம்பில் கிடைக்கின்றன. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு மேற்கு இந்தியாவில் பூமி பிளந்து வெளிவந்த குழம்பு, மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் வரை பரவித் தக்காணப் பசால்ட் பாறையாக உறைந்தது. இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டரில் அது கிடக்கிறது. உறையும்போது குழம்புக்குள் இருந்த வாயு வெளியேற முடியாமல் குமிழிகளாகச் சிக்கிக்கொண்டது. குமிழி இருந்த இடம் குழியாயிற்று. பிறகு வந்த நிலத்தடி நீர் சுற்றியிருந்த பாறையிலிருந்து சிலிக்காவைக் கரைத்து அந்தக் குழிகளுக்குள் கொண்டுபோனது. உப்புத் தண்ணீர் காய்ச்சும் வெந்நீர் அண்டாவின் உட்புறத்தில் பொருக்கு ஏடு ஏடாகப் படிகிறதே, அதுபோலக் குழியின் சுவரில் சிலிக்கா அடுக்கடுக்காகப் படிந்தது. வெளிச்சுவரிலிருந்து நடுவை நோக்கி வளர்ந்ததால், அகேட் உருண்டையைக் குறுக்கே அறுத்தால் குழியின் வடிவத்தையே பின்பற்றும் வளையங்கள் தெரிகின்றன. நடுவில் இடம் மிஞ்சினால் அங்கே பளிங்குப் படிகங்கள் முளைத்திருக்கும்.

அப்படிப் படிந்த பொருளின் பெயர் கால்சிடனி. வேதியியலில் அது குவார்ட்ஸ்தான், ஆற்று மணலில் இருக்கும் அதே சிலிக்கன் டை ஆக்சைடு. ஆனால் பெரிய படிகமாக வளராமல், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நார்களாக, வரிகளுக்குச் செங்குத்தாக நெருங்கி நிற்கிறது. ஒரு படிகத்தில் விரிசல் விழுந்தால் நேரே ஓடிவிடும். பின்னிக்கிடக்கும் நார்களுக்குள் விரிசல் எளிதில் ஓடாது. அதனால்தான் மோஸ் அளவில் 6.5 முதல் 7 வரையிலான சாதாரணக் கடினம் மட்டுமே உள்ள இந்தக் கல், அடிதாங்கும் விஷயத்தில் தன்னைவிடக் கடினமான பல ரத்தினங்களை மிஞ்சுகிறது. வேதியியல் ஆய்வகங்களில் மாதிரிகளை அரைக்க இன்றும் அகேட் கல்வத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். பழைய தராசுகளின் கத்திமுனை தாங்கியும் அகேட்டால் ஆனதே.

வரிகள் ஏன் மாறிமாறி வருகின்றன என்ற கேள்விக்கு முடிந்த முடிவான விடை இன்னும் இல்லை. ஜெர்மானிய வேதியியலாளர் ரஃபேல் லீசகாங் 1896-இல் ஜெலாட்டின் மேல் வெள்ளி நைட்ரேட் துளி விட்டு, அது பரவும்போது தானாகவே வளையம் வளையமாகப் படிவு தோன்றுவதைக் கண்டார். அகேட்டும் சிலிக்காக் கூழுக்குள் இப்படித்தான் வரி போட்டுக்கொண்டது என்று 1915-இல் ஒரு நூலே எழுதினார். நீர் பலமுறை வந்து வந்து போனதால் ஏற்பட்ட அடுக்குகள் என்பவர்களும் இருக்கிறார்கள். படிகமாகும் விளிம்பு முன்னேறும்போது மாசுகளைத் தள்ளிக்கொண்டே போவதால் வரும் தாளம் என்பவர்களும் இருக்கிறார்கள். சில அகேட்டுகளில் ஒரு மில்லிமீட்டருக்குள் நூற்றுக்கணக்கான வரிகள் இருக்கின்றன. மெல்லிய வில்லையாக அறுத்து வெளிச்சத்தில் பிடித்தால் வானவில் நிறங்கள் விரியும். இத்தனை நுண்ணிய ஒழுங்குக்கு ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து நீர் வந்திருக்கும் என்று நம்புவது கடினம். கல்லே தன் தாளத்தை உண்டாக்கிக்கொண்டது என்ற விளக்கம்தான் எனக்குப் பொருந்தி வருகிறது.

இன்னொரு வகை வரியும் உண்டு, நகைக்கலையின் வரலாறே அதைச் சார்ந்திருக்கிறது. சில குழிகளின் அடியில் சிலிக்கா சுவரைச் சுற்றிப் படியாமல், வண்டல்போல் கீழே இறங்கித் தட்டையான அடுக்குகளாகப் படிந்திருக்கும். எரிமலைப் பாறை அப்போது எந்தச் சாய்வில் கிடந்தது என்பதை நிலவியலாளர்கள் இந்த வரிகளை வைத்தே சொல்லிவிடுவார்கள். நேர்க்கோட்டு அடுக்குகள் கொண்ட கல்லுக்கு ஓனிக்ஸ் என்று பெயர். கறுப்பு வெள்ளைக்குப் பதிலாகச் செம்பழுப்பும் வெள்ளையும் அடுக்காக வந்தால் அது சார்டோனிக்ஸ். நம் ஊர் மோதிரக் கடைகளில் கறுப்பில் வெள்ளைக் கோடு ஓடும் கல்லைச் சுலைமானி என்று கேட்டு வாங்குகிறார்கள். தர்கா வாசல் கடைகளில் அகீக் என்று விற்பதும் இந்தக் குடும்பத்துக் கல்லே.

சிற்பி கையில் இந்த அடுக்குகள் என்ன ஆகின்றன?

கல்லில் உருவம் செதுக்க இரண்டு வழிகள். முதல் வழி குடைவு. உருவத்தைக் கல்லுக்குள் பள்ளமாகக் குடைந்துவிட்டால், மெழுகிலோ களிமண்ணிலோ அழுத்தும்போது அது புடைத்து வரும். முத்திரை மோதிரங்கள் இப்படிச் செய்தவை. சார்டோனிக்ஸ் முத்திரையில் மெழுகு ஒட்டிக்கொண்டு வராது, அதனாலேயே அதற்கு மதிப்பு என்று முதல் நூற்றாண்டில் எழுதிய ரோமானியர் பிளினி குறித்திருக்கிறார். நுண்நார்க் கல் கண்ணாடிபோல் மெருகேறும் என்பதால் அது நம்பத்தக்க செய்திதான்.

இரண்டாவது வழி கேமியோ என்னும் புடைப்பு. சுற்றியுள்ள கல்லை நீக்கி உருவத்தை மேலே நிற்க வைப்பது. வரிக்கல்லின் பெருமை முழுவதும் இங்கேதான். மேலே பழுப்பு, நடுவில் வெள்ளை, அடியில் கறுப்பு என்று மூன்று அடுக்குள்ள கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமுடியைப் பழுப்பு அடுக்கில் விட்டு, முகத்தை வெள்ளையில் செதுக்கி, மற்ற இடத்தில் கறுப்பு தெரியும்வரை அரைத்துவிட்டால், துளி வண்ணம் பூசாமலே மூன்று நிறச் சித்திரம் கிடைக்கிறது. வெள்ளை அடுக்கைக் கன்னத்தருகே சற்று மெலிதாக்கினால் அடியிலுள்ள கறுப்பு நீலச்சாயலாகக் கசிந்து முகத்துக்கு நிழல் தரும். இத்தனையும் சில மில்லிமீட்டர் தடிமனுக்குள் நடக்க வேண்டும். ஓர் அடுக்கில் கை சற்று ஆழமாக இறங்கிவிட்டால் மூக்கு கறுத்துப்போகும், திருத்த வழியில்லை. அதனால் சிற்பி முதலில் கல்லின் ஓரத்தை அரைத்து, எந்த அடுக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று படித்துக்கொண்ட பிறகே உருவத்தைத் தீர்மானிப்பார். படம் கல்லுக்கு ஏற்ப அமையும், கல் படத்துக்கு ஏற்ப அமையாது.

பாரீஸில் பிரான்சு தேசிய நூலகத்தில் உள்ள பெரிய கேமியோ ஐந்து அடுக்குச் சார்டோனிக்ஸில் செய்தது. உயரம் 31 சென்டிமீட்டர், அகலம் 26.5. ரோமப் பேரரசக் குடும்பமே அதில் நிற்கிறது. வியன்னாவில் உள்ள அகஸ்டஸ் கேமியோ இரண்டு அடுக்கு ஓனிக்ஸ். இவ்வளவு பெரிய, நேரான அடுக்குக் கற்கள் ஐரோப்பாவில் எளிதில் கிடைப்பவை அல்ல. முதல் நூற்றாண்டு மாலுமிக் கையேடான 'செங்கடல் பயணக் குறிப்பு' ஓனிக்ஸ் கல் தக்காணத்துப் பைத்தானிலிருந்து வண்டிகளில் ஏறி, பரூச் துறைமுகத்துக்கு வந்து கப்பலேறியதைச் சொல்கிறது. பிளினியும் இந்தியச் சார்டோனிக்ஸைப் பாராட்டுகிறார். முசிறியிலிருந்து போன சரக்குகளில் மிளகு, முத்து, தந்தம் ஆகியவற்றோடு பலவகை ஒளிபுகும் கற்களையும் அதே கையேடு சேர்க்கிறது.

பட்டணத்தில் கேரள வரலாற்று ஆய்வு மன்றம் 2007 முதல் பி.ஜே. செரியன் தலைமையில் நடத்திய அகழாய்வு இந்த எழுத்துச் சான்றுகளுக்கு மண்ணிலிருந்தே சாட்சி தந்தது. மணிகளோடு, உருவம் செதுக்கப்படுவதற்கு முன்பு வடிவமாக வெட்டி வைத்த கேமியோ வில்லைகளும் அங்கே கிடைத்தன. முடிந்த நகை எங்கிருந்தும் வந்திருக்கலாம். செதுக்காத வில்லை அப்படியல்ல, அது கல்வேலை நடந்த இடத்தின் அடையாளம். ரோமானியர் கழுத்தில் தொங்கிய கல்லின் முதல் வெட்டு பெரியாற்றுக் கழிமுகத்திலேயே விழுந்திருக்கிறது என்று இதை நான் படிக்கிறேன். மலபாரை மிளகு ஏற்றிய துறையாக மட்டும் நினைப்பவர்கள் இந்த வில்லைகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மேற்குக் கரைக்கும் தமிழ் நிலத்துக்கும் இடையில் கல் போய்வந்த பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலை தாழ்ந்து வழிவிடும் இடம் அது. கிழக்கே அந்த வழியில்தான் நொய்யல் கரைக் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பெயர் சொல்லும் ஊர். 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கிப் பின்பு கா. ராஜன் தொடர்ந்த அகழாய்வுகளில், பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு, செவ்வந்திக்கல், சூதுபவளம், அகேட் என்று முடித்தவை, முடிக்காதவை, உடைந்தவை, கழிவுச் சில்லுகள் எல்லாம் கிடைத்தன. ஒரே ஈமக்குழியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள். பச்சைக்கல்லுக்குப் படியூரும் நீலக்கல்லுக்குச் சிவன்மலையும் பக்கத்திலேயே உண்டு. சூதுபவளத்துக்கும் அகேட்டுக்கும் மட்டும் கொங்கு நாட்டில் ஊற்று இல்லை. குஜராத்திலிருந்தோ தக்காணத்திலிருந்தோதான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவற்றை அறுக்கத் தேவையான ஒன்று கொங்கு நாட்டில் இருந்தது: மோஸ் அளவில் 9 கடினம் கொண்ட குருந்தக்கல். கரூர், நாமக்கல், சேலம் பகுதிகளில் அது கிடைக்கிறது. அதன் பொடி குவார்ட்ஸைத் தின்றுவிடும்.

போடிமெட்டு அப்படிப்பட்ட அகன்ற வாசல் அல்ல, சுமார் 1,400 மீட்டர் உயரம் வரை ஏறி இறங்க வேண்டிய செங்குத்து. இருந்தாலும் அடிவாரத்தைப் பாருங்கள். போடிநாயக்கனூரில் பழைய வெள்ளி முத்திரைக் காசுகளின் புதையல் கிடைத்திருக்கிறது. ஆண்டிபட்டிப் பக்கத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் அகப்பட்டன. மலைக்கு அப்பால் மறையூரில் முனியறைகள் என்னும் கற்பதுக்கைகள் வரிசையாக நிற்கின்றன. காசும் எழுத்தும் புதைகுழியும் மலையின் இரு பக்கமும் இருந்த காலம் அது. தெற்கே வெம்பக்கோட்டையில் திமிலுள்ள காளை குடைந்த சூதுபவளம் கிடைத்தபோது, வடக்கிலிருந்து வந்த கல்லில் நம் ஊர் உருவம் அமர்ந்திருப்பதைக் கண்டு நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சூதுபவளத்தின் சிவப்பு பெரும்பாலும் மனிதன் முடித்துவைத்தது. தோண்டியெடுக்கும்போது கல் மஞ்சளாகவோ மங்கிய பழுப்பாகவோ இருக்கும். அதற்குள் நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடு இருக்கிறது. வெயிலில் காயவைத்து, மண்சட்டியில் இட்டு, எரு அல்லது மரத்தூள் கனலில் மெல்லச் சூடேற்றினால் நீர் வெளியேறி இரும்பு ஹீமடைட்டாக மாறும். சிவப்பு எழும். அவசரப்பட்டால் கல் வெடித்துவிடும். கறுப்பு ஓனிக்ஸின் கதை இன்னும் சுவையானது. அகேட்டின் எல்லா அடுக்குகளும் ஒரே அடர்த்தி அல்ல. நார்கள் நெருங்கிய அடுக்கு எதையும் உறிஞ்சாது, தளர்ந்த அடுக்கு உறிஞ்சும். தேனிலோ சர்க்கரைப் பாகிலோ வாரக்கணக்கில் ஊறவைத்துப் பிறகு கந்தக அமிலத்தில் சூடாக்கினால், உள்ளே போன சர்க்கரை கரியாகும். தளர்ந்த வரிகள் கறுக்கும், அடர்ந்த வரிகள் வெண்மையாகவே நிற்கும். ஜெர்மனியின் இடார்-ஓபர்ஷ்டைன் ஊர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரேசில் அகேட்டை இறக்கி இந்த முறையில் உலகச் சந்தையைப் பிடித்தது. தேனில் வேகவைத்தால் கற்கள் பொலிவடையும் என்பதைப் பிளினியே எழுதியிருக்கிறார். ஆகவே கடையில் கன்னங்கரேல் என்று இருக்கும் ஓனிக்ஸ் சாயமேற்றியது என்று தெரிந்தால் ஏமாந்தோம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கரி கழுவிப் போகாது. ஆனால் கடும் பச்சை, ஊதா, பளீர் நீலம் என்று விற்கும் அகேட் வில்லைகளுக்கு இயற்கை நிறத்தின் விலை கொடுக்காதீர்கள்.

இந்தியாவில் இந்தக் கைத்தொழில் அறுபடாமல் வாழும் இடம் குஜராத்தின் கம்பாத். கல் ரத்தன்பூர்ப் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்கே குன்றின்மேல் அடங்கியிருக்கும் பாபா கோரை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்து அகேட் வணிகம் நடத்திய பெரியவர் என்று ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்தி மக்கள் போற்றுகிறார்கள். கம்பாத் தொழிலாளி கல்லைச் சுத்தியலால் நேரே அடிப்பதில்லை. கூரான இரும்புக் கம்பியைத் தரையில் சாய்த்து ஊன்றி, கல்லின் விளிம்பை அதன் முனையில் வைத்து, எருமைக் கொம்புத் தலை கொண்ட இலேசான சுத்தியலால் மறுபக்கம் தட்டுகிறார். அடி கொம்பால் விழுகிறது, சில்லு இரும்பு முனையில் பெயர்கிறது. துளையிட, வில்லால் சுழற்றும் துரப்பணத்தின் நுனியில் இரண்டு பொடி வைரச் சில்லுகள். துளைக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். தொல்லியலாளர் மார்க் கெனோயர் இந்த வேலையைப் பார்த்துப் பதிவுசெய்துதான் சிந்துவெளி மணிகளின் துளைகளைப் படிக்கக் கற்றார். சிந்துவெளிக் கைவினைஞர் வைரமில்லாமல் வேறு கடினக் கல் நுனியைப் பயன்படுத்தினர், நீண்ட மணி ஒன்றைத் துளைக்கவே அவர்களுக்குப் பல நாட்கள் ஆகியிருக்கும். கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டிருக்கிறது. அங்கே போனால் மணியின் நிறத்தோடு நின்றுவிடாமல் அதன் துளையையும் பாருங்கள், உழைப்பு அங்கேதான் இருக்கிறது.

அந்த உழைப்புக்கு உடல் கொடுக்கும் விலையும் உண்டு. அகேட்டை மின்சக்கரத்தில் உலர்வாக அரைக்கும்போது பறப்பது தூய சிலிக்காத் தூள். அதன் நுண்துகள் நுரையீரலின் ஆழத்துக்குப் போய்த் தங்கித் தழும்பாக்கிவிடும். கம்பாத் தொழிலாளிகளிடையே இந்தச் சிலிக்கோசிஸ் நோயை அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் உடல்நல நிறுவனம் ஆராய்ந்து பதிவுசெய்திருக்கிறது. வீட்டு முற்றத்திலேயே சக்கரம் ஓடுவதால், அரைக்காத பெண்களும் குழந்தைகளும்கூட அந்தத் தூளை மூச்சில் வாங்குகிறார்கள். வந்தபின் குணமாக்க மருந்து இல்லை, காசநோய் எளிதில் பிடித்துக்கொள்ளும். தடுக்கும் வழி மட்டும் தெளிவாகத் தெரியும்: ஈரமாக அரைப்பது, தூளை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் வைப்பது, சக்கரத்தை வீட்டிலிருந்து பிரிப்பது. கம்பாத் அகேட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தக் குறியீட்டோடு ஈர அரவையையும் கட்டாயமாக்க வேண்டும். வரிக்கல் மாலை வாங்கும்போது, இது தூள் பறக்காமல் அரைத்த கல்லா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஆம் என்று சான்று காட்டுகிறவருக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுங்கள்.